இறக்கிய மாருதி 800: முன்சக்கரக் கோணங்களை வீட்டிலேயே அமைக்கும் முறை

புது டயர் போட்டு 4,000 கிலோமீட்டர்கூட ஆகவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிதாகவே இருந்தது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, டயரின் உள்பக்கத்தில் டார்ச் அடித்தபோதுதான் தெரிந்தது: ஓரம் முழுக்க ரப்பர் தேய்ந்து, உள்ளே இருக்கும் நூல் வெளியே வந்திருந்தது. அந்த 1998 மாடல் மாருதி 800-ஐ நான் வாங்கும்போதே முன்னால் குட்டை ஸ்பிரிங் போட்டிருந்தது. 12 அங்குல இரும்பு வீலுக்குப் பதில் 13 அங்குல அலாய் வீல். இரண்டு முறை வீல் அலைன்மெண்ட் செய்திருந்தேன். இரண்டு முறையும் கம்ப்யூட்டர் தாளில் டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) சரி என்று பச்சை நிறத்தில்தான் வந்தது.

கடைசியில் பழைய மெக்கானிக் ஒருவர் வண்டிக்கு அடியில் புகுந்து, லோயர் ஆர்முக்கும் (சக்கரத்தின் அடியை உடலோடு இணைக்கும் கை) ஸ்டேபிலைசர் பாருக்கும் (வளைவில் உடல் சாயாமல் தடுக்கும் கம்பி) நடுவே கடப்பாரையை விட்டு நெம்பிக் காட்டினார். "இதப் பாருங்க தம்பி, சக்கரமே பின்னால போகுது. இந்தப் புஷ்ஷ வெச்சுக்கிட்டு எத்தன தடவ அலைன்மெண்ட் பண்ணுனாலும் நிக்காதுங்க" என்றார். புஷ் என்பது இரும்புப் பாகங்கள் சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் உறை. வேலையை வீட்டிலேயே கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

இந்த வழிகாட்டி, இறக்கப்பட்ட, அதாவது உயரம் குறைக்கப்பட்ட 800 வைத்திருந்து, இதுவரை ஸ்பேனரை அதிகம் தொடாதவர்களுக்கு. 1986-க்குப் பிறகு வந்த உடலைத்தான் சொல்கிறேன். முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்) உள்ள மற்ற சின்ன வண்டிகளுக்கும் முறை ஏறக்குறைய இதுதான். வேலை செய்யும் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: தேய்ந்ததை மாற்றுவது, உயரத்தை முடிவுசெய்வது, கேஸ்டர், கேம்பர், கடைசியில் டோ. ஒவ்வொன்றும் அடுத்ததை அசைக்கும் என்பதால் டோவை முதலில் வைத்தால் அந்த வேலை வீண்.

மூன்று கோணங்கள்

வண்டிக்கு முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருந்தால் அது மைனஸ் கேம்பர். வெளியே சாய்ந்திருந்தால் பிளஸ். பக்கவாட்டில் நின்று, ஸ்ட்ரட்டின் உச்சியிலிருந்து கீழே சக்கரம் திரும்பும் மூட்டான பால் ஜாயிண்ட்டுக்கு ஒரு கோடு இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளின் முன் ஃபோர்க் போல அந்தக் கோட்டின் தலை பின்பக்கம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுதான் கேஸ்டர். வளைவில் திரும்பிய பிறகு ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். மேலிருந்து பார்க்கும்போது இரண்டு முன்சக்கரங்களின் மூக்கும் ஒன்றையொன்று நோக்கியிருந்தால் டோ-இன், விலகியிருந்தால் டோ-அவுட்.

டயரைத் தின்பதில் முதலிடம் டோவுக்கு. கேம்பர் மட்டும் ஒரு டிகிரி கூடினால் டயர் மெல்லத் தேயும். டோவும் சேர்ந்து கெட்டால் என் டயருக்கு ஆனதுதான் ஆகும்.

இறக்கும்போது நடப்பது

ஸ்ட்ரட் வண்டியை இறக்கினால் முதலில் கொஞ்சம் மைனஸ் கேம்பர் கிடைக்கும். அதை நம்பி இன்னும் இறக்கக்கூடாது. லோயர் ஆர்மின் வெளிமுனை உள்முனையைவிட மேலே ஏற ஏற, வளைவில் உடல் சாயும்போது கிடைக்கவேண்டிய மைனஸ் கேம்பர் குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்துக்கு மேல் பிளஸ் பக்கம் போக ஆரம்பிக்கும். ஸ்பிரிங்கை அறுத்து வண்டியைத் தரையோடு ஒட்டவைத்தவர்களின் வண்டி, பார்க்க ரேஸ் கார் போல இருந்தும் வளைவில் முன்பக்கம் வழுக்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பலரும் கவனிக்காத கணக்கு இன்னொன்று உண்டு. 800-இன் வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையே உள்ள தூரம்) 2175 மி.மீ. பின்பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு முன்பக்கத்தை மட்டும் 38 மி.மீ. இறக்கினால் முழு உடலும் 1 டிகிரி முன்னால் சாய்கிறது. உடல் சாய்ந்தால் ஸ்ட்ரட்டும் அதனுடன் சாயும், கேஸ்டரில் அதே 1 டிகிரி போய்விடும். கேஸ்டரைத் திருத்த இந்த வண்டியில் தனி போல்ட் கிடையாது. என் வண்டியில் முன்னும் பின்னும் உயரத்தை அளந்து, தொழிற்சாலை நிலையில் இருந்த ஒரு 800-உடன் ஒப்பிட்டேன். முன்பக்கம் 45 மி.மீ. இறங்கியிருந்தது, பின்பக்கம் இறங்கவே இல்லை. நெடுஞ்சாலையில் 80-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் லேசாகி வண்டி அலைந்ததற்கு அப்போதுதான் காரணம் புரிந்தது.

முதல் வேலை: தேய்மானம்

வண்டியை ஜாக்கியில் தூக்கி ஆக்ஸில் ஸ்டாண்டில் உட்காரவையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்கக்கூடாது, ஒரு நிமிட வேலையாக இருந்தாலும் சரி.

சக்கரத்தை 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்ட்டோ வீல் பேரிங்கோ போயிருக்கிறது. 9 மணி, 3 மணியில் ஆடினால் டை ராடு (சக்கரத்தைத் திருப்பும் கம்பி) எண்ட் அல்லது அந்தக் கம்பியைத் தள்ளும் ஸ்டியரிங் ராக். அப்புறம் கடப்பாரை. 800-இல் லோயர் ஆர்ம் ஒற்றைக் கை. உள்பக்கம் ஒரே ஒரு புஷ். அது முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருப்பது ஸ்டேபிலைசர் பாரின் முனை. வளைவில் உடல் சாயாமல் தடுக்கிற அதே கம்பிதான் சக்கரத்தின் இடத்தையும் நிறுத்துகிறது. அந்த முனையில் இருக்கும் ரப்பர் புஷ் நசுங்கிவிட்டால் பிரேக் அடிக்கும்போது சக்கரம் பின்னால் நகரும், கேஸ்டரும் டோவும் ஒவ்வொரு பிரேக்குக்கும் மாறும். 20, 25 வயது வண்டியில் இந்தப் புஷ்கள் நன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். லோயர் ஆர்ம் புஷ், ஸ்டேபிலைசர் பார் முனைப் புஷ், அந்தக் கம்பியை உடலோடு பிடிக்கும் புஷ் ஆகிய மூன்றையும் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் மாற்றிவிடுங்கள்.

மாற்றும்போது ஒன்றை மறக்கவேண்டாம். லோயர் ஆர்மின் உள் போல்ட்டைச் சக்கரம் தொங்கும் நிலையில் முழுக்க இறுக்கக்கூடாது. போல்ட்டை விரலால் இறுகும் அளவுக்கு மட்டும் வைத்து, வண்டியைத் தரையில் இறக்கி, எடை முழுக்கச் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகு கடைசி இறுக்கு. தொங்கும்போதே இறுக்கினால் வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். உயரம் பொய்யாகத் தெரியும், சில மாதத்தில் புஷ்ஷும் கிழியும். இறுக்கும் அளவை சர்வீஸ் மேனுவலில் பார்த்து டார்க் ரெஞ்சால் செய்யுங்கள்.

முன்பக்க ஸ்பிரிங் கேஸ் கட்டரில் அறுத்ததாக இருந்தால் அதைக் கழற்றி எறிந்துவிடுங்கள். சூடு பட்ட இடத்தில் எஃகின் பதம் போயிருக்கும். மேடு பள்ளத்தில் சக்கரம் முழுக்கத் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் இருக்கையைவிட்டு விலகவும் செய்யும். இதில் நான் யாரோடும் சமரசம் பேசமாட்டேன்.

உயரம்

ஃபெண்டர் வளைவின் உச்சிக்கும் சக்கர மையத்துக்கும் உள்ள தூரத்தை நான்கு பக்கமும் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் அளவும் காற்றும் கணக்கைக் கெடுக்கும். அளக்கும் முன் நான்கு டயரிலும் சரியான காற்று, டேங்கில் பாதி பெட்ரோல், டிரைவர் சீட்டில் உங்கள் எடைக்குச் சமமான மணல் மூட்டை. வண்டியே 650 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். 70 கிலோ ஆள் உட்கார்ந்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடை கூடிவிடுகிறது, அதுவும் ஒரே பக்கத்தில்.

சாலையில் ஓட்டும் வண்டிக்கு முன்னால் 25 முதல் 30 மி.மீ. இறக்கினால் போதும் என்பது என் தீர்மானமான கருத்து. பின்னாலும் ஏறக்குறைய அதே அளவு இறக்கவேண்டும். நான் முன்பக்கத்தை 15 மி.மீ. ஏற்றி, பின்பக்கத்தை 25 மி.மீ. இறக்கினேன். வேறு எதையும் தொடாமலே நெடுஞ்சாலை அலைச்சலில் பெரும்பகுதி போய்விட்டது.

வெளியே தள்ளி நிற்கும் அலாய்க்கும், வீலை வெளியே தள்ள அதன் பின்னால் வைக்கும் ஸ்பேசர் தட்டுக்கும் ஒரு வார்த்தை. சக்கரம் வெளியே போகப்போக, அது திரும்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுக்கோட்டுக்கும் உள்ள தூரம் கூடும். ஒரு சக்கரம் குழியில் விழுந்தால் ஸ்டியரிங் கையிலிருந்து பிடுங்கும், பிரேக்கில் இழுக்கும். எந்தக் கோணத்தை மாற்றினாலும் அது தீராது. ஸ்பேசரைக் கழற்றுங்கள்.

தரையும் வழுக்குத் தட்டும்

வீட்டுக் கார் ஷெட்டில் தரை மட்டமாக இருக்காது, தண்ணீர் ஓடச் சரிவு விட்டிருப்பார்கள். கொத்தனார் பயன்படுத்தும் தண்ணீர் டியூபை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கரம் நிற்கும் இடங்களில் மட்டம் பார்த்து, தாழ்ந்த இடத்தில் ஒட்டுப்பலகைத் துண்டுகளை அடுக்கி 1 மி.மீ. வித்தியாசத்துக்குள் கொண்டுவாருங்கள். பலகை வைத்த இடத்தைச் சுற்றிப் பெயிண்டால் கோடு போட்டுவிட்டால் அடுத்த முறை இந்த வேலை இல்லை.

முன்சக்கரங்களுக்கு அடியில் பக்கத்துக்கு இரண்டு தரை டைல்ஸ், வழவழப்பான முகங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி, நடுவே கை நிறைய கிரீஸ். டைல்ஸின் கனத்துக்குப் பின்சக்கரத்திலும் அதே உயரம் கொடுக்கவேண்டும். இந்தத் தட்டு இல்லாமல் அளந்தால், ஜாக்கியிலிருந்து இறக்கிய சக்கரம் உள்பக்கம் மடங்கியபடியே டயர் பிடிப்பில் நின்றுவிடும். வண்டி 20 மி.மீ. உயரமாகத் தெரியும், கேம்பரும் தவறாகவே வரும். இறக்கியதும் முன்பக்கத்தை நாலைந்து முறை அழுத்தி விடுங்கள்.

கேஸ்டர் பார்ப்பது

நேரடியாக அளக்க முடியாது, கேம்பரை வைத்துத்தான் கணக்கு. ஸ்டியரிங்கை நேராக வைத்துச் சக்கரத்துக்கு இணையாகத் தரையில் 1 மீட்டர் கோடு போடுங்கள். அதன் ஒரு முனையிலிருந்து செங்குத்தாக 36.4 செ.மீ. குறித்து மறுமுனையுடன் சேர்த்தால் கிடைப்பது 20 டிகிரி. இடது சக்கரத்தை இடப்பக்கம் 20 டிகிரி திருப்பி கேம்பர் பாருங்கள் (அதை அளக்கும் முறை அடுத்த பகுதியில்), பிறகு வலப்பக்கம் 20 டிகிரி திருப்பிப் பாருங்கள். முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்து 1.46-ஆல் பெருக்கினால் கேஸ்டர். உதாரணத்துக்கு, இடப்பக்கம் பிளஸ் 1.2, வலப்பக்கம் மைனஸ் 1.0 என்றால் வித்தியாசம் 2.2, கேஸ்டர் 3.2 டிகிரி. வலது சக்கரத்துக்கு இதைத் திருப்பிச் செய்யுங்கள்.

இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் அரை டிகிரிக்குள் இருந்தால் விட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் கேஸ்டர் குறைந்த பக்கமாக வண்டி இழுக்கும். புஷ் எல்லாம் புதிதாக இருந்தும் வித்தியாசம் இருந்தால் ஸ்டேபிலைசர் பார் வளைந்திருக்கலாம், அல்லது எப்போதோ அடிபட்டு உடல் நகர்ந்திருக்கலாம். உடல் நகர்ந்திருந்தால் அது டிங்கரிங் பட்டறை வேலை, ஸ்பேனர் வேலை இல்லை.

கேம்பர்

போனில் உள்ள கோணம் பார்க்கும் செயலி போதும். ஒரு நேரான அலுமினியச் சதுரக் குழாயை வீல் ரிம்மின் மேல் உதட்டிலும் கீழ் உதட்டிலும் படும்படி செங்குத்தாகப் பிடித்து, போனை அதன்மேல் ஒட்டவையுங்கள். போனை நம்பாதவர்கள் தூக்குக்குண்டு நூல் தொங்கவிட்டு மேல் உதட்டுக்கும் கீழ் உதட்டுக்கும் உள்ள தூர வித்தியாசத்தை அளக்கலாம். 13 அங்குல ரிம்மின் உதடுகளுக்கு இடையே சுமார் 357 மி.மீ.; அதில் 6.2 மி.மீ. வித்தியாசம் 1 டிகிரி.

ஸ்ட்ரட்டின் அடிப் பட்டையும், சக்கரத்தைத் தாங்கும் பாகமான நக்கிளும் இரண்டு போல்ட்டில் சேர்கின்றன. மேல் போல்ட்டுக்குப் பதில் நடுவில் மெலிந்து ஒரு பக்கம் பிதுங்கிய கேம்பர் போல்ட் போட்டால், அதைத் திருப்பத் திருப்ப சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ நகரும். இன்னொரு வழி, மேல் துளையை அரத்தால் நீளமாக்குவது. அதைச் செய்வதானால் ஸ்ட்ரட் பட்டையில் மட்டும் செய்யுங்கள், நக்கிளில் கைவைக்காதீர்கள். புதுப்பேட்டை போன்ற பழைய பார்ட்ஸ் கடைகளில் ஒரு ஜோடி ஸ்ட்ரட் வாங்கி அதில் அரத்தை வைத்தால் உங்கள் பழையது பத்திரமாக இருக்கும். நீளமாக்கிய துளையில் போல்ட் ஒரு குழியில் நழுவிவிடும் என்பதால், அளவு முடிவானதும் கனமான வாஷரை அந்த இடத்தில் வெல்டு வைத்து நிறுத்தவேண்டும். தொடக்கக்காரர்களுக்குக் கேம்பர் போல்ட்டைத்தான் சொல்வேன்.

தினமும் ஓடும் வண்டிக்கு மைனஸ் 0.5 முதல் மைனஸ் 1 டிகிரி. கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி ரேஸ் ட்ராக்கில் எப்போதாவது ஓட்டுபவர்கள் மைனஸ் 1.5 வரை போகலாம், உள்ளோரத் தேய்மானத்தை ஏற்றுக்கொண்டு. (இதே 800-இன் எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கிய கோவைக்காரர் கரிவரதனின் பெயர்தான் அந்த ட்ராக்குக்கு.) எந்த அளவானாலும் இரண்டு பக்கமும் 0.3 டிகிரிக்குள் ஒத்திருக்கவேண்டும். சக்கரத்தின் தலை உள்ளே வரும்போது டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் உள்ள இடைவெளி குறையும். விரல் நுழையாத அளவுக்கு ஒட்டினால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

டோ

இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பிவிசி குழாய்களில் ஒரே தூரத்தில் வெட்டுக்குறி போட்டு, ஒன்றை வண்டிக்கு முன்னாலும் ஒன்றைப் பின்னாலும், சக்கர மைய உயரத்தில் ஸ்டூல்மேல் வையுங்கள். குறிகளில் மீன்பிடி நரம்பைக் கட்டி இழுத்தால் வண்டியின் இரண்டு பக்கமும் இணையான இரண்டு கோடுகள் கிடைக்கும். இப்போது குழாய்களை நகர்த்தி, பின்சக்கர மையத்திலிருந்து நரம்புக்கு உள்ள தூரம் இடது வலது சமமாகவும், முன்சக்கரத்திலும் அதேபோலச் சமமாகவும் கொண்டுவாருங்கள். முன்னும் பின்னும் அந்தத் தூரம் ஒன்றாக இருக்காது. 800-இல் ட்ராக் (இடது, வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம்) முன்பக்கம் 1215, பின்பக்கம் 1200 மி.மீ.; ஆகவே பின்னால் பக்கத்துக்கு 7.5 மி.மீ. அதிகம் வரும். இதைத் தெரியாமல் முதல்முறை நான்கு இடத்திலும் ஒரே அளவு வரவைக்க ஒரு முழு மதியம் போராடினேன்.

ஸ்டியரிங்கை நேராக வைத்துக் கட்டிவிடுங்கள். ரிம்மின் முன் உதட்டிலிருந்து நரம்புக்கும், பின் உதட்டிலிருந்து நரம்புக்கும் ஸ்டீல் ஸ்கேலால் அளங்கள். முன் உதடு நரம்பிலிருந்து அதிகம் விலகியிருந்தால் டோ-இன். ரிம் வளைந்திருக்கலாம் என்பதால் சக்கரத்தை அரைச் சுற்று உருட்டி மறுபடி அளந்து சராசரி எடுங்கள். 13 அங்குல ரிம்மில் 1 மி.மீ. சுமார் 0.16 டிகிரி.

டை ராடின் லாக் நட்டைத் தளர்த்தி, ராடைத் திருப்பவேண்டும். அதை மூடியிருக்கும் ரப்பர் உறையின் (பூட்) கிளிப்பையும் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் உறை முறுக்கிக் கிழியும். ஸ்டியரிங் ராக் சக்கர மையத்துக்குப் பின்னால் இருந்தால் டை ராடு நீள நீள டோ-இன். முன்னால் இருந்தால் நேர்மாறு. அடியில் படுத்து ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டே தொடங்குங்கள். இரண்டு பக்கமும் சம அளவு திருப்பினால்தான் ஸ்டியரிங் நேராக நிற்கும். ராடில் வெள்ளைப் பெயிண்ட் புள்ளி வைத்தால் கால் சுற்று, அரைச் சுற்று என்று எண்ணுவது எளிது.

முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது சக்கரங்கள் முன்னோக்கி இழுபட்டு, புஷ்களின் நெகிழ்வில் கொஞ்சம் உள்ளே திரும்பும். அதனால் நின்ற நிலையில் பூஜ்ஜியத்தை ஒட்டி வைப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. திருப்பம் கூர்மையாக வேண்டும் என்பவர்கள் மொத்தம் 1 மி.மீ. டோ-அவுட் வரை போகலாம். லாக் நட்டை இறுக்கிய பின் மறுபடி அளங்கள், அந்த இறுக்கிலேயே அளவு கொஞ்சம் நகரும்.

முடித்துவிட்டு முன்பக்கத்தில் இரண்டு பேரை அழுத்தச் சொல்லி, 25 மி.மீ. இறங்கிய நிலையில் டோ எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். மொத்தம் 2 மி.மீ.க்கு மேல் மாறினால் வண்டி அளவுக்கு மீறி இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு மேட்டிலும் அது தானாகத் திரும்பும். திரும்ப உயரத்துக்குப் போங்கள்.

சாலையில்

நம் சாலைகள் ஓரத்துக்குச் சரிந்தவை, இடப்பக்கம் ஓட்டும்போது வண்டி மெல்ல இடது பக்கம் நழுவுவது இயல்பு. அதைப் பார்த்துவிட்டு டை ராடைத் தொடாதீர்கள். ஆள் இல்லாத நேரத்தில் சரிவில்லாத சாலை ஒன்றில் 50 கிலோமீட்டர் வேகத்தில் பாருங்கள். பிரேக் அடித்தும் பாருங்கள்.

ஊரில் ஓட்டப்போவதானால் சட்டமும் உண்டு. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. ஸ்பிரிங்கும் வீலும் வாங்கும் முன் இதை யோசியுங்கள்.

500 கிலோமீட்டர் கழித்து போல்ட்களை மறுபடி இறுக்கிப் பார்த்து, டோவை ஒருமுறை அளங்கள். அப்புறம் மாதம் ஒருமுறை டயரின் மேல் உள்ளங்கையை வைத்துக் குறுக்கே இழுங்கள். உள்ளிருந்து வெளியே இழுக்கும்போது அரம் போல உரசினால் டோ-இன் அதிகம். வெளியிலிருந்து உள்ளே வரும்போது உரசினால் டோ-அவுட். இரண்டு பக்கமும் ஒன்றுபோல வழவழப்பாக இருந்தால் நான்கு உயரம், கேஸ்டர், கேம்பர், டோ எல்லாவற்றையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வண்டியிலேயே வைத்துவிடுங்கள்.